வாய்ப் புற்றுநோய் ஆப்பரேஷனுக்குப் பிறகு திரும்ப வருமா? மூலக்கூறு அடையாளங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் ஒரு திசு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். அறுவை அறையிலிருந்து வரும் திசுவைச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, பெத்தாலஜிஸ்ட் பார்ப்பதற்குத் தயார் செய்வது என் வேலை. செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கமிருந்து வரும் குடும்பங்கள் தெரிந்தவர்கள் மூலம் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

மூலக்கூறு அடையாளம் என்றால் என்ன?

புற்றுநோய்ச் செல்லுக்குள் நடந்திருக்கும் மாற்றத்தின் தடயம். டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம், ஒரு துண்டு காணாமல் போயிருக்கலாம், ஒரு புரதம் அளவுக்கு மீறிச் சுரந்திருக்கலாம். மைக்ராஸ்கோப்பில் செல்லின் உருவம் தெரியும், இந்த மாற்றங்கள் தெரியாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

இந்த அடையாளங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நோய் எப்படிப் போகும் என்று சொல்வது. மற்றொன்று, எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்வது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பணமும் போகும், நிம்மதியும் போகும்.

"மார்ஜின் கிளியர்" என்று எழுதியிருக்கிறார்கள். அப்புறம் ஏன் திரும்ப வரும் என்று பயமுறுத்துகிறார்கள்?

யாரும் பயமுறுத்தவில்லை. மார்ஜின் என்பது வெட்டி எடுத்த திசுவின் ஓரம். "கிளியர்" என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று தெரிந்தால் புரியும்.

கட்டியை வெட்டி எடுக்கும்போது அதைச் சுற்றி நல்ல திசுவையும் சேர்த்தே எடுப்பார்கள். எது மேல், எது கீழ், எது நாக்குப் பக்கம் என்று தெரிவதற்காகச் சர்ஜன் அதில் நூல் தையல் போட்டு அனுப்புவார். ஆய்வுக்கூடத்தில் அதன் ஓரங்களுக்குத் தனித்தனி நிறத்தில் மை பூசுவோம்: ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை, அடியில் கறுப்பு. பிறகு துண்டு போட்டு, மெழுகில் பதித்து, மைக்ரோட்டோம் என்ற சீவும் கருவியில் சீவுவோம். ஒரு சீவல் சுமார் 4 மைக்ரான் தடிமன். அதாவது ஒரு மில்லிமீட்டரில் 250 சீவல் எடுக்கலாம். ஒவ்வொரு மெழுகுக் கட்டியிலிருந்தும் ஒன்றிரண்டு சீவலைத்தான் வழக்கமாகத் தகட்டில் ஏற்றுவோம். புற்றுச் செல்லுக்கும் மை பூசிய ஓரத்துக்கும் நடுவில் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பொதுவாகக் கிளியர் என்று எழுதுவார்கள். 5-க்குக் குறைந்தால் "குளோஸ்". ஓரத்தையே தொட்டால் "பாசிட்டிவ்".

ஆகவே "கிளியர்" என்றால், பார்த்த சீவல்களில், மைக்ராஸ்கோப்புக்குத் தெரிந்த வரை, ஓரத்தில் புற்று இல்லை என்று பொருள். அது நல்ல செய்திதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் உருவத்தில் சாதாரணமாக இருக்கும் செல்லுக்குள்ளும் டிஎன்ஏ ஏற்கெனவே கெட்டிருக்கலாம்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1953-இல் ஸ்லாட்டர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 783 வாய்ப் புற்றுநோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்தார்கள். கட்டியைச் சுற்றியிருந்த சவ்விலும் மாற்றங்கள் இருந்தன. சுமார் 11 சதவீதம் பேருக்கு வாயில் ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனிக் கட்டிகள் இருந்தன. புற்றை உண்டாக்கும் பொருள் பல வருடம் பட்ட சவ்வு ஒரே ஓர் இடத்தில் மட்டும் கெடுவதில்லை, பரப்பாகக் கெடுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். லாலாங் புல்லை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேலே வெட்டிய இடம் வெறுமையாகத் தெரியும், வேர் மண்ணுக்கடியில் பக்கவாட்டில் ஓடியிருக்கும்.

மூலக்கூறு சோதனை இந்த இடத்தில் என்ன செய்ய முடியும் என்பதை 1995-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 25 தலை-கழுத்துப் புற்றுநோயாளிகளின் ஓரத் திசுக்கள், மைக்ராஸ்கோப்பில் சுத்தம் என்று தீர்ப்பானவை, மறுபடியும் சோதிக்கப்பட்டன. கட்டியில் இருந்த அதே பி53 மரபணு மாற்றம் ஓரத்திலும் இருக்கிறதா என்று தேடினார்கள். 13 பேருக்கு இருந்தது. அந்த 13 பேரில் 5 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. இல்லாத 12 பேரில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை.

சின்ன ஆய்வுதான். ஆனால் அந்த 13 பேரில் 8 பேருக்குத் திரும்பவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அடையாளம் இருந்தால் ஆபத்து கூடுதல் என்றுதான் அர்த்தம், வந்தே தீரும் என்று அல்ல.

எந்தெந்த அடையாளங்களைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள்?

நிறைய. எல்லாவற்றையும் அடுக்கினால் தலை சுற்றும், முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் டிபி53, மேலே பி53 என்று சொன்ன அதே மரபணு. கெட்டுப்போன செல்லைத் தடுத்து நிறுத்தும் காவலர் வேலை இந்த மரபணுவுக்கு. எச்பிவி வைரஸ் தொடர்பில்லாத தலை-கழுத்துப் புற்றுகளில் பத்தில் எட்டுக்கு மேல் இது பழுதாகியிருக்கும். பழுது எல்லாம் ஒரே மாதிரி இல்லை. 2007-இல் 420 நோயாளிகளை வைத்து வெளியான ஆய்வில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு இந்த மாற்றம் இருந்தது. புரதத்தின் வேலையை அடியோடு குலைக்கும் வகை மாற்றம் இருந்தவர்களின் ஆயுள் குறைவாக இருந்தது. ஆகவே "பி53 பாசிட்டிவ்" என்ற ஒரு வரியை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

அடுத்தது, குரோமோசோமின் ஒரு துண்டை இழப்பது. 3-ஆம், 9-ஆம், 17-ஆம் குரோமோசோம்களின் குட்டைக் கைகளில், அதாவது குட்டையான பகுதிகளில், இழப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாயில் வெள்ளைத் திட்டு உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே புற்று வந்து குணமானபின் திட்டு வந்தவர்களுக்கும் இதுதான் நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட அடையாளம். 2016-இல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில், இந்த இழப்பு உள்ளவர்களில் 74 சதவீதம் பேர் மூன்று வருடம் புற்று வராமல் இருந்தார்கள். இழப்பு இல்லாதவர்களில் 87 சதவீதம். அடையாளம் உண்மையைத்தான் சொன்னது. ஆனால் அதே ஆய்வில் ஆபத்து அதிகமானவர்களுக்கு எர்லோட்டினிப் என்ற மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், புற்று வருவது குறையவில்லை. ஆபத்து இருப்பது தெரிகிறது, அதை இறக்குவதற்கு மாத்திரை கிடைக்கவில்லை. எனக்கு மனம் கனப்பது இந்த இடத்தில்தான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஓரத் திசுவில் ஈஐஎஃப்4ஈ என்ற புரதம் கூடுதலாக இருப்பது, 11-ஆம் குரோமோசோமில் சைக்ளின் டி1 என்ற மரபணு பெருகியிருப்பது, பி16 போன்ற மரபணுக்கள் மேலே மெத்தில் என்ற வேதித்துணுக்கு ஒட்டி வாயடைத்துப் போவது எல்லாம் ஆராயப்பட்டவை. 2011-இல் டொராண்டோ குழு ஒன்று, மைக்ராஸ்கோப்பில் சுத்தமாகத் தெரிந்த ஓரங்களில் நான்கு மரபணுக்களின் அளவைச் சேர்த்துப் பார்த்தால் நோய் திரும்புவதைக் கணிக்கலாம் என்று எழுதியது.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் இதை ஏன் செய்வதில்லை?

மேலே சொன்ன எதையும் ஆப்பரேஷனுக்குப் பிறகு வழக்கமாகச் செய்யும்படி சிகிச்சை வழிகாட்டிகள் இன்னும் சொல்லவில்லை. கோலாலம்பூர் ஆஸ்பத்திரிகள் பின்தங்கி இருக்கின்றன என்று நினைக்காதீர்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் இதே நிலைதான்.

காரணம் உண்டு. பல ஆய்வுகள் சின்னவை. நாக்கு, கன்னம், தொண்டை, குரல்வளை எல்லாவற்றையும் கலந்து எடுத்தவை. எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து என்பதற்கு ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தனித்தனிக் கோடு போட்டுக்கொண்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று: சோதனை பாசிட்டிவ் என்று வந்தால் டாக்டர் வேறு என்ன செய்வார்? அதற்குப் பதில் சொல்லும் ஆய்வுகள் இல்லாதவரை முடிவு வெறும் காகிதம்தான்.

ஓரம் சந்தேகமாக இருந்தால் இன்னும் அகலமாக வெட்டிவிடலாமே?

அப்படித்தான் எல்லோருக்கும் தோன்றும். கனடாவில் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். கெட்ட சவ்வு நீல வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரியும். அந்த வெளிச்சத்தைக் காட்டி, மாறிய பகுதி வரைக்கும் வெட்டினார்கள். வழக்கம்போல வெட்டியவர்களோடு ஒப்பிட்டபோது அதே இடத்தில் நோய் திரும்புவது குறையவில்லை. 2020-இல் இந்த முடிவு வெளியானது.

வாயில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் பேச்சு, விழுங்குதல், முகத்தோற்றம். காரணமில்லாமல் அகலமாக வெட்டச் சொல்லிச் சர்ஜனை வற்புறுத்தாதீர்கள்.

ரத்தச் சோதனையில் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

எனக்கு நம்பிக்கை தரும் துறை இதுதான். செத்துப்போகும் புற்றுச் செல்களின் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கும். நோயாளியின் கட்டியை முதலில் முழுதாகப் படித்து, அதில் மட்டும் உள்ள மாற்றங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை ரத்தத்தில் தேடுவார்கள். 2022-இல் வந்த ஓர் ஆய்வில், ஆப்பரேஷன் செய்துகொண்ட 17 தலை-கழுத்துப் புற்றுநோயாளிகளை இப்படித் தொடர்ந்து பார்த்தார்கள். நோய் திரும்பியவர்களுக்கு, டாக்டர் கண்டுபிடிப்பதற்கு 108 முதல் 253 நாள் முன்பே ரத்தத்தில் அறிகுறி தெரிந்தது.

17 பேர்தான். முன்கூட்டித் தெரிந்ததால் உயிர் காப்பாற்றப்பட்டதா என்பது தனிக் கேள்வி, அதற்கான பெரிய ஆய்வுகள் தேவை. எச்பிவியால் வரும் தொண்டைப் புற்றுக்கு ரத்தச் சோதனை எளிது. வைரஸின் டிஎன்ஏவைத் தேடினால் போதும். வெற்றிலை, புகையிலையால் வரும் கன்னப் புற்றில் தேடுவதற்கு அப்படியொரு பொது அடையாளம் கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும்.

எச்சிலில்?

ஆராய்ச்சி நடக்கிறது. ஊசி வேண்டாம், வலி இல்லை, கட்டி இருந்த இடத்தையே தொட்டு வருகிறது. ஆனால் இன்றைக்கு இதை நம்பிப் பரிசோதனை நாளைத் தள்ளிப்போடக் கூடாது.

ரிப்போர்ட்டில் பி16, பிடி-எல்1 என்று இருக்கிறது. இவை?

பி16 சாயம், எச்பிவி தொடர்பைக் காட்ட உதவுவது. தொண்டைப் பகுதிப் புற்றில் அது பாசிட்டிவாக இருந்தால் நல்ல அறிகுறி. கன்னம், நாக்கு, ஈறு போன்ற வாய்ப் பகுதிகளில் அதை வைத்து அதே நம்பிக்கை கொள்ள முடியாது. இணையத்தில் தொண்டைப் புற்றைப் பற்றிப் படித்துவிட்டு அம்மாவின் கன்னப் புற்றுக்குப் பொருத்திப் பார்க்கிறவர்கள் அதிகம், கவனம்.

பிடி-எல்1 மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் அடையாளம். வெட்ட முடியாதபடி திரும்பிய நோய்க்கும் பரவிய நோய்க்கும் பெம்புரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து கொடுக்கலாமா என்று முடிவு செய்ய அதன் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். 2025 ஜூனில், ஆப்பரேஷன் செய்யக்கூடிய முற்றிய நிலைக்கும் இந்த மருந்தை அமெரிக்கா அனுமதித்தது. அது ஆப்பரேஷனுக்கு முன்பே தொடங்கிப் பின்பும் தொடரும் முறை. ஆகவே கேட்பதாக இருந்தால் கத்தி வைப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

சரி, இன்றைக்கு எதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்?

எச்.பி.இ. ரிப்போர்ட்டை, அதாவது வெட்டி எடுத்த திசுவின் ஆய்வு அறிக்கையை வைத்து. அதில் ஒரு பிரதி கேட்டு வாங்கி வையுங்கள், கேட்பது உங்கள் உரிமை. அதில் பார்க்க வேண்டியவை:

- கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது. 2018 முதல் வாய்ப் புற்றின் கட்டத்தைக் கணக்கிடும்போது ஆழமும் சேர்கிறது. 5, 10 மில்லிமீட்டர் எல்லைகள்.
- ஓரம் எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம் குறைவு.
- கழுத்து நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) எத்தனையில் புற்று, நெறியின் உறையைக் கிழித்து வெளியே வந்திருக்கிறதா.
- நரம்பை ஒட்டியோ ரத்தக் குழாய்க்குள்ளோ புகுந்திருக்கிறதா.

நெறி உறையைக் கிழித்திருந்தாலோ ஓரம் பாசிட்டிவ் என்றாலோ, கதிர் சிகிச்சையோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர்த்தால் பலன் உண்டு என்று 2004-இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. இதுவும் நோய் திரும்புவதைக் கணிப்பதுதானே? வித்தியாசம் என்னவென்றால், கணித்தபிறகு என்ன செய்வது என்பது இங்கே தெரியும். கதிர் தேவை என்று சொன்னால் ஆப்பரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்குவதுதான் இலக்கு. தீபாவளி முடியட்டும், தைப்பூசக் காவடி முடியட்டும் என்று தள்ள வேண்டாம். பல் பிடுங்க வேண்டியிருந்தால் கதிருக்கு முன்பே, சீக்கிரம் முடித்துவிட வேண்டும்.

தனியார் லேப் ஒன்று சில ஆயிரம் ரிங்கிட்டுக்கு "மரபணு பேக்கேஜ்" செய்யச் சொல்கிறது. செய்யலாமா?

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் சர்ஜனிடமோ ஆன்காலஜிஸ்ட்டிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், இதில் பாசிட்டிவ் வந்தால் என்ன மாற்றுவீர்கள், நெகட்டிவ் வந்தால் எதை நிறுத்துவீர்கள்?" இரண்டுக்கும் "ஒன்றுமில்லை" என்றால் அந்தப் பணத்தை ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவுக்கும் பால், முட்டைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நோய் திரும்பியிருந்து, வழக்கமான மருந்துகள் கேட்காத நிலையில், பெரிய மரபணுச் சோதனை ஏதாவது மருந்து ஆய்வில் சேர வழி காட்டலாம். அப்போது கணக்கு வேறு.

அண்ணன் தம்பிகள் சேர்ந்து கடன் வாங்கி இந்தச் சோதனைக்குக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். முடிவை எடுத்துக்கொண்டு போனபோது டாக்டரால் அதை வைத்து எதையும் மாற்ற முடியவில்லை. அந்தக் குடும்பத்தின் பாசத்தில் குறையே இல்லை. அதை இப்படிப் பயன்படுத்திக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெளிநாட்டில் கண்டுபிடித்த அடையாளங்கள் நம் மக்களுக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மேல்நாட்டு ஆய்வுகளில் சிகரெட், மது, நாக்குப் புற்று அதிகம். நம்மிடம் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலையைக் கன்னத்தில் அடக்கி வைக்கும் பழக்கத்தால் கன்னமும் ஈறும் அதிகம். இந்தியாவில் இப்படிப்பட்ட கன்ன-ஈறுப் புற்றுகளின் மரபணுக்களைப் படித்து 2013-இல் வெளியிட்டார்கள். டிபி53 போன்ற பொதுவானவை இருந்தன, கூடவே யுஎஸ்பி9எக்ஸ், எம்எல்எல்4, ஏஆர்ஐடி2 போன்ற வேறு சிலவும் அடிக்கடி மாறியிருந்தன.

மலேசியாவில் 1993-94-இல் நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், புற்றாக மாறக்கூடிய வாய்ப் புண்கள் இந்தியர்களிடம்தான் அதிகமாக இருந்தன: 4 சதவீதம். சீனர்களிடம் 0.5 சதவீதம். தோட்டத்து வீடுகளில் ஆயாக்களின் இடுப்பில் சுருக்குப்பை தொங்கியதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண் ஆச்சரியம் தராது. அதனால்தான் நம் திசுக்களும் ஆய்வில் இருக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாய்ப் புற்றுநோய் ஆய்வு மையம் நோயாளிகளின் தகவலையும் திசுவையும் சேர்த்து வைக்கும் வங்கி ஒன்றை நடத்திவருகிறது. கேன்சர் ரிசர்ச் மலேசியா, மலேசிய நோயாளிகளின் கட்டியிலிருந்து செல்களை வளர்த்து ஆராய்கிறது. திசு தரச் சம்மதமா என்று கேட்டால் பயப்படாதீர்கள். சிகிச்சைக்காக எடுத்ததில் மீந்ததைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். விளக்கத்தைத் தமிழில் கேளுங்கள், சம்மதமில்லை என்றால் சொல்லிவிடலாம், சிகிச்சை குறையாது.

மரபணு மாற்றம் என்றால் பிள்ளைகளுக்கும் வருமா?

வராது. இவை அம்மாவின் வாய்ச் செல்களில் வாழ்நாளில் ஏற்பட்ட மாற்றங்கள், பிள்ளைகளுக்குக் கடத்தப்படுபவை அல்ல. ஃபான்கோனி ரத்தசோகை போன்ற மிக அரிதான பரம்பரைக் கோளாறுகள் மட்டும் விதிவிலக்கு. கல்யாணம் பேசும் வீட்டில் இதைச் சொல்லலாமா, மறைக்கலாமா என்று யாரும் தவிக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குப் போகக்கூடியது வெற்றிலைப் பழக்கம்தான்.

புகையிலையை விட்டுவிட்டார். வெறும் வெற்றிலை பாக்கு போடலாமா?

கூடாது. புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும், பாக்கு மட்டுமே கூட, மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் உறுதிப்படுத்தியது. ஓரத்தில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று தெரியாமலேயே செய்யக்கூடிய காரியம் இது. மீதமுள்ள சவ்வை மேலும் கெடுக்காமல் இருப்பது. பூஜைத் தட்டில் வெற்றிலை பாக்கு இருக்கட்டும், வாய்க்குப் போக வேண்டாம். சிகரெட்டும் சம்சு சாராயமும் அப்படியே.

பல வருடப் பழக்கம் ஒரே நாளில் போகாது. திட்டாதீர்கள். பாட்டி சாப்பிட்டதும் கை தானாக இடுப்பைத் தேடும், அந்த நேரத்தில் கூடப் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள்.

டி.சி.ஏ. (மறுபடி வரச் சொல்லும்) தேதிகளை எவ்வளவு காலத்துக்கு விடாமல் போக வேண்டும்?

திரும்பும் நோயில் பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்துக்குள் திரும்பும். அதனால் முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வருடம் இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்து வருடம் வரை நான்கு முதல் எட்டு மாதத்துக்கு ஒருமுறை, அதற்கப்புறம் வருடா வருடம் என்பது பொதுவான கணக்கு. கழுத்தில் கதிர் பட்டவர்களுக்குத் தைராய்டு ரத்தச் சோதனையும் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். "நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லி யாராவது நிறுத்தப் பார்த்தால் கூடவே அழைத்துப் போங்கள்.

எதைப் பார்த்தால் டி.சி.ஏ. வரை காத்திருக்கக் கூடாது?

வெளிச்சமான இடத்தில் கண்ணாடி முன்னால் நின்று மாதம் ஒருமுறை பாருங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், புதிய வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தொட்டால் ரத்தம் வருவது, காரணமில்லாமல் ஆடும் பல், ஒரு பக்கம் மட்டும் காது வலி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வருவது, நாக்கோ உதடோ மரத்துப்போவது, கழுத்தில் கெட்டியான வீக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் பெடா மூலுட் (வாய் அறுவை சிகிச்சை) கிளினிக்குக்குப் போன் செய்து, "ஏற்கெனவே வாய்ப் புற்று ஆப்பரேஷன் செய்தவர்" என்று முதல் வரியிலேயே சொல்லித் தேதியை முன்னுக்குக் கேளுங்கள். கையில் எச்.பி.இ. பிரதியை எடுத்துப் போங்கள். ஆப்பரேஷன் வேறு ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால் மெழுகுக் கட்டிகள் அங்கேதான் இருக்கும். அவற்றைக் கடனாக வாங்கிப் புதிய திசுவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.